‘முயன்றேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார். பிழை தேடிப் போனேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. “ஐ ஸ்ட்ரகிள் டு ஃபினிஷ் மை வொர்க் ஆன் டைம்.” போராடியாவது வேலையை நேரத்துக்கு முடித்துவிடுவேன் என்பது அவர் நினைத்தது. வேலையை நேரத்துக்கு முடிக்கத் திணறுகிறேன் என்பது கடிதம் படிப்பவருக்குப் போய்ச் சேர்வது. இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டல் சரி. சேதி மட்டும் தலைகீழ்.

“ஸ்ட்ரகிள் என்றால் போராடு என்றுதானே அகராதியில் போட்டிருக்கிறது?” என்றார். போட்டிருப்பது உண்மைதான். அகராதி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படிக்கட்டு என்னும் தவறான படம்

முயற்சியைக் குறிக்கும் ஆங்கில வினைகளை நம்மில் பலர் ஒரு படிக்கட்டாக மனத்தில் வைத்திருக்கிறோம். கீழ்ப்படியில் ட்ரை, அதாவது சாதாரண முயற்சி. அடுத்த படியில் அட்டெம்ப்ட், கொஞ்சம் கூடுதல். மேலே ஏற ஏற எண்டெவர், ஸ்ட்ரைவ், உச்சிப்படியில் ஸ்ட்ரகிள். எவ்வளவு வியர்வையோ அவ்வளவு பெரிய சொல் என்பது கணக்கு. ஒத்த பொருள் தரும் சொற்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கிக் கொடுக்கும் துணைநூல்களுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

கணக்கு சரியா என்று தமிழை வைத்தே சோதிக்கலாம். பாடுபடு, அல்லாடு, மெனக்கெடு, மல்லுக்கட்டு ஆகிய நான்கும் முயற்சியைச் சுற்றி வரும் வினைகள்தாம். பிள்ளைகளை ஆளாக்க ஒருவர் பாடுபடுகிறார். தொலைந்துபோன சாவியைத் தேடி அல்லாடுகிறார். நம்மைப் பார்ப்பதற்கென்றே மெனக்கெட்டு வருகிறார். திறக்காத பூட்டோடு மல்லுக்கட்டுகிறார். இப்போது இடம் மாற்றிப் பாருங்கள்: சாவியைத் தேடிப் பாடுபட்டார், பிள்ளைகளை ஆளாக்க மெனக்கெட்டு வந்தார். காது உடனே முகம் சுளிக்கும். பாடுபடுவது அல்லாடுவதைவிட எத்தனை படி மேலே என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். நான்கு சொற்களும் நான்கு வேறு நிலைமைகள்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். அங்கே எந்த வினையை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நினைத்த செயல் நடந்ததா இல்லையா என்பதை இந்த வினை சொல்கிறதா? முயற்சி ஒரு தடவையில் முடிவதா, நெடுங்காலம் நீள்வதா? முயல்பவர் எதை நோக்கிப் போகிறார் என்பதை வினை காட்டுகிறதா, எதில் சிக்கியிருக்கிறார் என்பதைக் காட்டுகிறதா? எவ்வளவு வியர்த்தது என்ற கேள்வி இந்தப் பட்டியலிலேயே கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஹார்ட் போன்ற தனிச் சொல்லைப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள்.

திறக்கப் பார்த்தேன், திறந்து பார்த்தேன்

முதலில் ட்ரை. எல்லோருக்கும் தெரிந்த சொல், எல்லோரும் வழுக்கும் இடமும் இதுதான். இந்த வினைக்குப் பின்னால் இரண்டு விதமாக இன்னொரு வினை வரும். “ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ” என்பது ஒன்று. இதில் வரும் ‘டு ஓப்பன்’ என்பதை டு-வடிவம் என்று அழைப்போம். “ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ” என்பது இன்னொன்று. ‘ஓப்பனிங்’ என்பது இங்-வடிவம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஒன்றல்ல.

அறையில் புழுக்கம். ஜன்னல் பக்கம் போகிறீர்கள். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. இழுக்கிறீர்கள், தட்டுகிறீர்கள். இது டு-வடிவம். அங்கே செயலே கடினம். ஜன்னல் திறந்ததா என்பதே கேள்வி. இன்னொரு நாள், அதே அறை, அதே புழுக்கம். ஜன்னல் லேசாகத் தள்ளியதுமே திறந்துகொண்டது. ஆனால் புழுக்கம் குறையவில்லை. இது இங்-வடிவம். இங்கே திறப்பதில் சிரமமே இல்லை. திறந்தால் பலன் இருக்குமா என்று பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

ஆங்கில இலக்கண நூல்கள் இந்த வேறுபாட்டைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழ் வாசகருக்கு அத்தனை விளக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் இதே வேறுபாட்டை நாம் தினமும் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறோம். “ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன்” என்கிறோம். “ஜன்னலைத் திறந்து பார்த்தேன்” என்கிறோம். முன்னதில் ஜன்னல் இறுகியிருக்கிறது, பின்னதில் திறந்துவிட்டது. முற்றுப்பெறாமல் இன்னொரு வினையைத் தேடி நிற்கும் வடிவத்துக்கு வினையெச்சம் என்று பெயர். ‘திறக்க’, ‘திறந்து’ இரண்டும் வினையெச்சங்கள். ‘திறக்க’ என்பதோடு ‘பார்’ சேர்ந்தால் டு-வடிவம். ‘திறந்து’ என்பதோடு சேர்ந்தால் இங்-வடிவம். ‘திறந்து பார்த்தேன்’ என்பதற்குத் திறந்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன் என்ற நேர்ப்பொருளும் உண்டு. சூழல் அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஆக, எந்த வடிவம் போடுவது என்று தயங்கும்போது மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கணினி உறைந்துபோய் நிற்கிறது. ஒருவர் உங்களுக்கு யோசனை சொல்கிறார்: “அணைத்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள்.” ‘இயக்கி’ என்று வருகிறது, எனவே “ட்ரை ரீஸ்டார்ட்டிங் இட்.” கணினி அதற்கும் மசியவில்லை, பொத்தானை அழுத்தினாலும் அணைய மறுக்கிறது. அப்போது “மறுபடி இயக்கப் பார்த்தேன், முடியவில்லை” என்பீர்கள், எனவே “ஐ ட்ரைட் டு ரீஸ்டார்ட் இட்.”

இந்தப் பொருத்தம் வெறும் தற்செயல் போலத் தோன்றலாம். சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ட்ரை என்பது ட்ரியே என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குப் பொருள் பிரித்தெடுத்தல், சலித்தல். பேரிடர் நேரத்தில் மருத்துவமனையில் யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயமடைந்தவர்களைப் பிரித்து நிறுத்துவதை ட்ரியாஜ் என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். சலிப்பதிலிருந்து சோதிப்பது, சோதிப்பதிலிருந்து முயல்வது என்று பொருள் நகர்ந்தது. சோதிக்கும் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றம் ஒருவரை ட்ரை செய்கிறது என்றால் விசாரிக்கிறது என்று பொருள். அந்த விசாரணைதான் ட்ரயல். ‘எ ட்ரையிங் டே’ என்றால் முயற்சியுள்ள நாள் அல்ல, பொறுமையைச் சோதித்த நாள். தமிழில் ‘பார்’ என்பதும் கண்ணால் காண்பதில் தொடங்கி, ஆராய்ந்து பார்ப்பதாகி, முயன்று பார்ப்பதாக வந்து நிற்கிறது. இரண்டு மொழிகளும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே கூடத்துக்கு வந்திருக்கின்றன.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் தமிழை நம்பிப் போனால் கவிழ்த்துவிடும். “படியில் கால் தடுக்கி விழப் பார்த்தேன்” என்கிறோம். யாரும் விழுவதற்கு முயற்சி எடுப்பதில்லை. இங்கே ‘பார்’ என்பதற்கு ‘இன்னும் கொஞ்சம் போயிருந்தால்’ என்று பொருள். இதை “ஐ ட்ரைட் டு ஃபால்” என்று எழுதினால் வேண்டுமென்றே கீழே விழ முனைந்தவர் ஆகிவிடுவீர்கள். அங்கே வேண்டியது “ஐ நியர்லி ஃபெல்.” ட்ரை என்று சொன்னால் பொதுவாக அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது என்று பொருள்.

எதிர்மறையிலும் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. “டோன்ட் ட்ரை டு லாஃப்” என்றால் சிரிக்க முயலாதே. “ட்ரை நாட் டு லாஃப்” என்றால் சிரிக்காமல் இருக்கப் பார். துக்க வீட்டில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது இரண்டாவது.

சுருக்கமாக: செய்யப் பார்த்தால் டு-வடிவம், செய்து பார்த்தால் இங்-வடிவம், தற்செயலாக நடக்கவிருந்ததற்கு ட்ரையே வேண்டாம்.

முயன்றவர் முடித்தாரா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். “ஐ ட்ரைட் டு கால் யூ” என்று ஒருவர் சொன்னால், பேச முடியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அப்படி ஒரு சொல் இல்லை. பேச முடிந்திருந்தால் ‘பேசினேன்’ என்றே சொல்லியிருப்பாரே, முயன்றதை ஏன் சொல்கிறார் என்று நாமாக ஊகிக்கிறோம். நம் இலக்கண மரபில் இதற்குக் குறிப்புப் பொருள் என்று பெயர். சொல்லில் வெளிப்படையாக இல்லாமல் கேட்பவர் உணர்ந்துகொள்ளும் பொருள். அதை மறுத்துப் பேசவும் முடியும்: “முயன்றேன், கடைசியில் முடித்தும்விட்டேன்.” ட்ரை தன்னளவில் முடிவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இதற்கு நேர் எதிராக, முடிவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் வினைகள் உண்டு. மேனேஜ் அப்படிப்பட்டது. “ஐ மேனேஜ்ட் டு ஓப்பன் த விண்டோ” என்று சொன்ன பிறகு “ஆனால் திறக்கவில்லை” என்று சேர்க்கவே முடியாது. திறந்தாயிற்று. இத்தகைய வினைகளை இம்ப்ளிகேட்டிவ் வினைகள் என்று மொழியியலார் அழைக்கிறார்கள்; தமிழில் முடிவுகாட்டும் வினைகள் எனலாம். தனக்குப் பின்னால் வரும் செயல் நடந்ததா, நடக்கவில்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும் வினைகள் என்பது பொருள். பின்லாந்தில் பிறந்த மொழியியலாளர் லௌரி கார்ட்டுனென் 1971-இல் எழுதிய கட்டுரை இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியது. மேனேஜ் என்றால் நடந்தது. ‘டிட் நாட் மேனேஜ்’ என்றால் நடக்கவில்லை. ஃபெயில் என்பது இதைத் திருப்பிப் போட்ட வினை. அது வந்தாலே நடக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கென்யாவின் ஓட்ட வீரர் எலியூட் கிப்சோகே 2017-இல் இத்தாலியின் மோன்சா பந்தயப் பாதையில் மாரத்தான் தூரத்தை 2 மணி நேரத்துக்குள் ஓடிவிட முனைந்தார். ஆன நேரம் 2 மணி 25 விநாடி. அதை ஆங்கிலத்தில் ‘ட்ரைட்’ என்று சொல்லலாம், ‘அட்டெம்ப்டட்’ என்று சொல்லலாம். ‘மேனேஜ்ட்’ என்று சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். இப்போது ‘மேனேஜ்ட்’ பொருந்தும். இரண்டு ஓட்டத்திலும் உழைப்புக்குக் குறைவில்லை. வியர்வையை அளந்து இங்கே வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேனேஜ் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: செயல் எளிதாக இருக்கவில்லை. இத்தாலிய மொழியில் குதிரையைக் கையாளுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. முரண்டு பிடிக்கும் ஒன்றை வசப்படுத்திய வாசனை இன்றும் அதில் ஒட்டியிருக்கிறது. உடல்நலத்தோடு இருப்பவர் “ஐ மேனேஜ்ட் டு ஈட் பிரேக்ஃபாஸ்ட்” என்றால், சாப்பிட விடாமல் தடுத்தது எது என்று கேட்கத் தோன்றும்.

நாம் அடிக்கடி சறுக்கும் ‘குட்’ (‘கேன்’ என்பதன் இறந்தகாலம்) என்னும் துணைவினையும் இந்த இடத்தைச் சேர்ந்ததுதான். “நேற்று ஒருவழியாகக் கதவைத் திறக்க முடிந்தது” என்பதை “எஸ்டர்டே ஐ குட் ஓப்பன் த டோர்” என்று எழுதிவிடுகிறோம். தமிழில் ‘முடிந்தது’ என்றால் நடந்தேவிட்டது. ஆங்கிலத்தில் ‘குட்’ என்பது திறன் இருந்தது என்று மட்டும் சொல்லும். திறன் பயன்பட்டதா என்று சொல்லாது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட காரியம் கைகூடியது என்றால் ‘மேனேஜ்ட் டு’ அல்லது ‘வாஸ் ஏபிள் டு’ வேண்டும். எதிர்மறையில் இந்தத் தொல்லை இல்லை. ‘குட் நாட்’ என்று தாராளமாக எழுதலாம்.

ட்ரை முடிவைச் சொல்லாமல் விடுவதைக் காசாக்கியவர்களும் உண்டு. அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ், ஹெர்ட்ஸ் நிறுவனத்துக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்த காலத்தில், 1962-இல், “வி ட்ரை ஹார்டர்” என்று விளம்பரம் செய்தது. இன்னும் கடுமையாக முயல்கிறோம் என்று பொருள். ஜெயித்துவிட்டோம் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. இரண்டாம் இடத்தை ஒப்புக்கொண்டே மார்தட்டியது. முடிவுகாட்டும் வினையை வைத்து இந்த விளம்பரத்தை எழுதியிருக்க முடியாது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: ட்ரை முடிவைச் சொல்லாது, கேட்பவர் ஊகிப்பார். மேனேஜ், ஃபெயில் இரண்டும் முடிவைச் சொல்லிவிடும்.

எண்ணக்கூடிய முயற்சி

அட்டெம்ப்ட் என்பது ட்ரையின் கோட் சூட் போட்ட வடிவம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. எழுத்து நடைக்கும் செய்தி நடைக்கும் அது நெருக்கம்தான். ஆனால் அதன் தனித்தன்மை வேறு: அது எண்ணக்கூடிய முயற்சி. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு தடவை. பளு தூக்கும் போட்டியில் ஸ்னாட்ச் பிரிவில் 3, கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் 3 என ஒவ்வொருவருக்கும் 6 அட்டெம்ப்ட். உயரம் தாண்டுதலில் தொடர்ந்து 3 அட்டெம்ப்ட் தவறினால் வெளியே போக வேண்டும். நடுவர் கொடியைத் தூக்கிக் கணக்கு வைக்கக்கூடிய இடமெல்லாம் அட்டெம்ப்ட்டின் இடம். தேர்வில் எல்லாக் கேள்விகளையும் அட்டெம்ப்ட் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் எல்லாவற்றுக்கும் விடை எழுதினார் என்று மட்டுமே பொருள். எத்தனை சரி என்று அவரும் சொல்லவில்லை, அந்த வினையும் சொல்லவில்லை.

ஒரு வேடிக்கை. பெயர்ச்சொல்லாக வரும்போது அட்டெம்ப்ட் வெற்றி பெறலாம். ‘சக்ஸஸ்ஃபுல் அட்டெம்ப்ட்’ என்று சொல்வது இயல்பு. ஆனால் ‘அட்டெம்ப்டட்’ என்று இன்னொரு சொல்லுக்கு அடைமொழியாக வந்தால் தோல்வி உறுதி. ‘அட்டெம்ப்டட் மர்டர்’ என்றால் கொலை முயற்சி, தாக்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். அவர் இறந்திருந்தால் அந்தத் தலைப்பே மாறியிருக்கும்.

நோக்கிப் போவதும் சிக்கித் தவிப்பதும்

ஸ்ட்ரைவ், ஸ்ட்ரகிள் இரண்டும் தொடக்க எழுத்துகளில் மட்டும் ஒன்றுபோல இருந்தால் பரவாயில்லை. அகராதியும் இரண்டுக்கும் ‘போராடு’ என்றே பொருள் போட்டு நம்மைக் குழப்புகிறது. இரண்டும் நெடுங்கால முயற்சிதான். மூன்றாம் கேள்வியில்தான் பிரிகின்றன.

ஸ்ட்ரைவ் என்று சொன்னால் கண் இலக்கின் மீது இருக்கிறது. தூரத்தில் ஏதோ ஒரு சிறப்பு நிலை. அதை நோக்கி நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறோம். பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்குப் பூசலிடுதல், போட்டியிடுதல் என்று பொருள். பூசலைக் குறிக்கும் ஸ்ட்ரைஃப் அதன் உடன்பிறப்பு. காலப்போக்கில் ஸ்ட்ரைவ் சண்டையை விட்டுவிட்டு மரியாதைக்காரனாகிவிட்டது. துல்லியம், நேர்மை, சமத்துவம் போன்ற பெரிய சொற்களோடுதான் பழகும். “ஐ ஸ்ட்ரோவ் டு ஓப்பன் த ஜார்” என்று எழுதினால் ஒரு மூடிக்காக வாழ்வையே அர்ப்பணித்தது போல இருக்கும். ஸ்ட்ரைவின் இறந்தகாலம் ஸ்ட்ரோவ், ‘ஹேவ்’ போன்ற துணைவினையோடு வரும் வடிவம் ஸ்ட்ரிவன் என்பதையும் கையோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரைவா அட்டெம்ப்ட்டா என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் ‘நேற்று மாலை 4 மணிக்கு’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் அட்டெம்ப்ட். ‘எப்போதும்’ பொருந்தினால் ஸ்ட்ரைவ். நேற்று மாலை 4 மணிக்கு யாரும் சமத்துவத்துக்காக ஸ்ட்ரைவ் செய்வதில்லை.

ஸ்ட்ரகிள் என்று சொன்னால் கண் தடையின் மீது இருக்கிறது. மல்லுக்கட்டும் ஒருவரின் கைகால்கள் எதிராளியிடம் மாட்டிக்கொண்டிருப்பது போல. இதற்குப் பின் டு-வடிவம் வந்தால் தமிழில் அது பெரும்பாலும் ‘திணறு’. “ஷி இஸ் ஸ்ட்ரக்ளிங் டு ப்ரீத்” என்றால் மூச்சுவிடத் திணறுகிறார்; மூச்சுவிடப் போராடும் வீரம் அங்கே முக்கியமில்லை, மூச்சு சரியாக வரவில்லை என்பதே சேதி. உங்கள் வாதத்தைக் கேட்டுவிட்டு ஓர் ஆங்கிலேயர் “ஐ ஆம் ஸ்ட்ரக்ளிங் டு அண்டர்ஸ்டேண்ட்” என்று பணிவாகச் சொன்னால், அவர் விடாமுயற்சியோடு புரிந்துகொள்ளப் பாடுபடுகிறார் என்று மகிழ வேண்டாம். நீங்கள் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். பல நேரங்களில், விளங்கியது ஆனால் ஏற்கவில்லை என்கிறார்.

அப்படியானால் ‘போராடு’ என்று அகராதி போட்டது எங்கே பொருந்தும்? பின்னால் ‘ஃபார்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ வரும்போது. உரிமைக்காக, விடுதலைக்காக, அநீதிக்கு எதிராக. அங்கே ஸ்ட்ரகிள் தலைநிமிர்ந்து நிற்கும். ‘டு’ வந்தால் திணறல், ‘ஃபார்’ வந்தால் போராட்டம். ஒற்றைச் சொல் ஒன்றுதான் என் நண்பரைக் கவிழ்த்தது.

கடமையிலிருந்து பிறந்த வினை

எண்டெவர் என்பதைப் பேச்சில் கேட்பது அரிது. பிரெஞ்சில் கடமையைக் குறிக்கும் தெவ்வார் என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தன்னைக் கடமைக்கு உட்படுத்திக்கொள்வது என்ற தொடரிலிருந்து உருவான வினை அது. அதனால்தான் நிறுவனங்களின் கடிதங்களில் மட்டும் நடமாடுகிறது. “வி வில் எண்டெவர் டு ரிப்ளை விதின் 7 டேஸ்” என்று ஒரு கடிதம் வந்தால், 7 நாளில் பதில் வரும் என்று நாள்காட்டியில் குறிக்காதீர்கள். முயல்வதாகத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், பதில் தருவதாக அல்ல. ஆங்கிலேயச் சட்ட ஒப்பந்தங்களில் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’, ‘ரீசனபிள் எண்டெவர்ஸ்’ என்று இரண்டு தனித் தொடர்கள் இருக்கின்றன. முன்னது பின்னதைவிட அதிகம் கட்டுப்படுத்தும். எவ்வளவு முயல வேண்டும் என்பதற்கு வழக்கறிஞர்கள்தாம் கடைசியில் அளவுகோல் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

பெயர்ச்சொல்லாக வந்தால் இதற்கே ஒரு கம்பீரம் வந்துவிடும். ஜேம்ஸ் குக் 1768-இல் இங்கிலாந்திலிருந்து பசிபிக் கடலுக்குக் கிளம்பிய கப்பலின் பெயர் எண்டெவர். 1992-இல் முதன்முறை விண்ணுக்குச் சென்ற அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு அந்தக் கப்பலின் நினைவாகவே பெயர் வைத்தார்கள்; அதனால் அமெரிக்கர்கள் விட்டுவிடும் ‘யு’ எழுத்தும் பெயரில் அப்படியே தங்கிவிட்டது.

ஸீக் என்பதைப் பற்றி ஒரே வரி போதும்: ஆய்வறிக்கைகளில் ‘இந்த ஆய்வு விளக்க முற்படுகிறது’ என்று நாம் எழுதும் இடத்தில் ‘ஸீக்ஸ் டு’ வரும், வீட்டில் வராது.

முயற்சியை எடுப்பதா, செய்வதா?

வினைகளை விட்டுப் பெயர்ச்சொல்லுக்கு வந்தால் இன்னொரு தமிழ்க் குழி காத்திருக்கிறது. நாம் முயற்சி எடுக்கிறோம். எனவே ‘டேக் எஃபர்ட்’ என்று எழுதுகிறோம். முயற்சி செய்கிறோம், எனவே ‘செய்’ என்னும் பொருளுள்ள ‘டூ’ போட்டு ‘டூ எஃபர்ட்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலம் இரண்டையும் ஏற்பதில்லை. அங்கே எஃபர்ட்டை ‘மேக்’ செய்ய வேண்டும், அல்லது ஒரு வேலைக்குள் ‘புட்’ செய்ய வேண்டும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்ற வழக்கத்துக்குச் சொற்சேர்க்கை என்று பெயர். இதற்குக் காரணம் கேட்டுப் பயனில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்கிறோம். ஏன் வெயில் பெய்வதில்லை என்று நமக்கும் தெரியாது.

‘டேக்’ வேண்டுமென்றே அடம்பிடித்தால் அதற்கும் இடம் உண்டு: ‘டேக் த ட்ரபிள்’, ‘டேக் பெய்ன்ஸ்’. முன்னது கிட்டத்தட்ட நம் ‘மெனக்கெடு’ தான். ‘வினைக்கெடு’ என்பது திரிந்து உருவான சொல் அது. தன் சொந்த வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று இன்னொன்றுக்காக நேரம் செலவழிப்பது. “ஹி டுக் த ட்ரபிள் டு கம்” என்றால் மெனக்கெட்டு வந்தார். எதிர்மறையில் ‘பாதர்’ என்ற வினை அழகாகப் பொருந்தும்: “ஹி டிடின்ட் ஈவன் பாதர் டு ரிப்ளை,” ஒரு பதில் போடக்கூட மெனக்கெடவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அளவு கசப்பு.

ஹார்ட், ஹார்ட்லி என்னும் இரட்டையரைத் தனியே எச்சரிக்க வேண்டும். ‘லி’ சேர்த்தால் வினையடை ஆகிவிடும் என்று பள்ளியில் படித்த விதியை நம்பி, கடுமையாக உழைத்தேன் என்பதற்கு “ஐ வொர்க்ட் ஹார்ட்லி” என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹார்ட் என்பதே வினையடையும்கூட. ஹார்ட்லி என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’. “ஐ ட்ரைட் ஹார்ட்,” கடுமையாக முயன்றேன். “ஐ ஹார்ட்லி ட்ரைட்,” முயன்றேன் என்று சொல்லவே முடியாது. ஒரு சின்ன ஒட்டு முழு உழைப்பையும் துடைத்துவிடும்.

“ஐ வில் ட்ரை” என்ற பதில்

யாரையாவது ஒரு விழாவுக்கு அழைக்கிறீர்கள். “ஐ வில் ட்ரை” என்கிறார். இலக்கணப்படி இது முயற்சிக்கான உறுதி. நடைமுறையில் வரமாட்டார் என்பதன் நாகரிகமான வடிவம். முடிவைச் சொல்லாத வினையாக இருப்பதால்தான் மறுப்பை மறைத்துவைக்க அது அவ்வளவு வசதி. இதற்கும் நமக்கு அகராதி தேவையில்லை: கையைக் கட்டிக்கொண்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பி, “பார்க்கிறேன்” என்று நாம் சொல்வோமே, அதுதான். உண்மையாகவே வர நினைப்பவர் ‘மை பெஸ்ட்’ என்று இரண்டு சொல்லாவது சேர்த்துக்கொள்வார்.

நண்பரின் கடிதத்துக்குத் திரும்புகிறேன். ஸ்ட்ரகிளை அடித்துவிட்டு என்ன போடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அவர் முதலில் ட்ரை என்றார். ‘நேரத்துக்கு முடிக்கப் பார்க்கிறேன்’ என்று வரும். முடித்தாரா என்று கேள்வி எழும். எண்டெவர் போட்டுப் பார்த்தோம். அவரே ஓர் அரசு அலுவலகமாகிவிட்டது போல இருந்தது. மேனேஜ் போட்டால் முடிவு உறுதியாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டுத்தடுமாறி முடிப்பவர் என்ற வாசனையும் வரும். ஸ்ட்ரைவ் ஓரளவு பொருந்தியது. அதை எழுதி, மறுபடி படித்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: “வேலையை நேரத்துக்கு முடித்துவிடுகிறீர்களா இல்லையா?”

“முடித்துவிடுகிறேன்” என்றார்.

“ஐ ஃபினிஷ் மை வொர்க் ஆன் டைம்” என்று எழுதிக் கொடுத்தேன்.